கத்தரி தரும் குளிர்காலம்

திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டுக்குப் போகும் வழியில் இருக்கும் நெசவாளர் ஊர் பொதட்டூர்பேட்டை. வெயிலைப் பற்றி அந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சித்திரை பிறந்ததும் செய்திகளில் வாசிக்கப்படும் வெப்பப் பட்டியலில் பக்கத்து ஊரான திருத்தணி முன்வரிசையில் வந்து நின்றுவிடும். கத்திரி வெயில் நாட்களில் அந்த வட்டாரத்தில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது செய்தியே அல்ல.

அப்படிப்பட்ட ஊரில், ஒரு வீட்டின் புழக்கடையில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பிளாக்பெர்ரிக் கன்றை நடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மனத்தில் இருப்பது படத்தில் பார்த்த பழம்: கறுகறுவென்று, சின்னச் சின்ன மணிகளை ஒட்டி உருட்டியது போன்றது. தண்ணீருக்கும் எருவுக்கும் குறை வைக்கவில்லை. ஆடியில் நட்ட கன்று கார்த்திகை மழைக்குள் முள்ளும் தழையுமாக நீள நீளமாகக் கொடி விடுகிறது. தை போகிறது, மாசி போகிறது, பூவைக் காணோம். பங்குனியில் இலை ஓரம் கருகுகிறது. சித்திரையில் கொடி துவண்டு தொங்குகிறது. தப்பிப் பிழைத்தால் அடுத்த ஆண்டும் இதே கதை. பூத்தால் அங்கொன்று இங்கொன்று.

செடி பட்டுப்போயிருந்தால் பழியை வெயில் மேல் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். உயிரோடு இருந்துகொண்டே பூக்காமல் நிற்கிறதே, அதுதான் புதிர். எதற்காகவோ அது காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பையும், அதை முறியடிக்க உழவர்கள் கண்ட தந்திரத்தையும்தான் இந்த அத்தியாயம் பேசப்போகிறது.

சீத்தாவின் வழி, பலாவின் வழி

முதலில் பழத்தைப் பிய்த்துப் பார்ப்போம். பெயரில் ‘பெர்ரி’ இருந்தாலும் தாவரவியலில் இது பெர்ரி அல்ல. ஒரு பூவின் ஒரே சூலகம் முழுதும் சதையாகி விதைகளைத் தனக்குள் வைத்துக்கொண்டால் அதற்குத்தான் அந்தப் பெயர். அந்தக் கணக்கில் தக்காளி பெர்ரி, கத்தரிக்காய் பெர்ரி, மிளகாய்கூடப் பெர்ரி. ரோஜா குடும்பத்தில் ரூபஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த பிளாக்பெர்ரியில், ஒரே பூவுக்குள் பல சூலகங்கள் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரு மணியாகப் பருக்கும். மணிக்குள் ஒரு கொட்டை. மாங்காய்களைக் கடுகளவாக்கி ஒரு காம்பைச் சுற்றி ஒட்டினால் எப்படியோ, அப்படி. நடுவில் இருக்கும் வெள்ளைத் தண்டு பறிக்கும்போது பழத்தோடு வந்துவிடும். அதன் உடன்பிறப்பான ராஸ்பெர்ரியில் தண்டு செடியிலேயே நின்றுவிட, பழம் மட்டும் குல்லாய் போலக் கழன்று வரும்.

இதைப் புரிந்துகொள்ள அயல்நாட்டுப் பழம் தேவையில்லை, சீத்தாப்பழம் போதும். அதுவும் ஒரே பூவின் பல சூலகங்கள் சேர்ந்து ஆன பழம். ஒரு சூலகம், ஒரு சுளை. ஒருபக்கம் பருத்து மறுபக்கம் சூம்பிப்போன சீத்தாப்பழம் சந்தையில் கிடைக்கிறதே, ஏன்? சூம்பிய பக்கத்துச் சூலகங்களுக்கு மகரந்தம் போய்ச் சேரவில்லை. சீத்தாவில் அந்த வேலையைச் செய்பவை மிகச்சிறிய வண்டுகள், பிளாக்பெர்ரியில் தேனீக்கள். இரண்டிலும் பூச்சி அரைகுறையாக வேலை செய்தால் பழமும் அரைகுறைதான்.

இப்போது அதே கறுப்பு நிறம், அதே மணிமணியான தோற்றம் கொண்ட இன்னொரு பழத்தை எடுத்துக்கொள்வோம். மல்பெரி. பட்டுப்புழுவுக்கு இலை தருகிற முசுக்கட்டைச் செடியின் பழம். தட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அக்கா தங்கை என்றுதான் சொல்லத் தோன்றும். உண்மையில் மல்பெரியின் சொந்தக்காரர்கள் ஆல், அரசு, அத்தி, பலா. அதில் ஒவ்வொரு மணியும் ஒரு தனிப் பூ. சின்னஞ்சிறு பூக்கள் ஒரு காம்பில் நெருங்கி வளர்ந்து, ஒவ்வொன்றின் நான்கு இதழ்களும் சதைப்பிடித்துச் சாறேறி, மொத்தமும் ஒரு பழமாகத் தோற்றம் தருகிறது. பலாவும் அப்படித்தான். நாம் தின்னும் சுளை ஒரு பூவின் இதழ்ப்பகுதி. சுளைகளுக்கு இடையில் நாராகக் கிடக்கும் சடை, சூல்கொள்ளாத பூக்கள். ஆக, பிளாக்பெர்ரி சீத்தாவின் வழியில் வந்தது, மல்பெரி பலாவின் வழியில் வந்தது. பறவைக்கு ஒரே வாயில் விழுங்க வசதியான, கண்ணில் படுகிற, கறுத்த மணிக்கொத்து என்ற ஒரே இடத்துக்கு இரண்டும் வேறு வேறு பாதையில் வந்து சேர்ந்திருக்கின்றன.

உருவம் கண்ணை ஏமாற்றுவது போலவே பெயரும் ஏமாற்றும். ஸ்பானிய மொழியில் இரண்டு பழத்துக்கும் ‘மோரா’ என்று ஒரே பெயர். கலிஃபோர்னியாவின் புகழ்பெற்ற செடி வளர்ப்பாளர் லூதர் பர்பாங்க், இந்தியாவிலிருந்து கிடைத்த விதையிலிருந்து வளர்த்த ஒரு பிளாக்பெர்ரியை 1885-ஆம் ஆண்டு ‘ஹிமாலயா ஜயண்ட்’ என்று பெயரிட்டு அறிமுகப்படுத்தினார். பின்னாளில் பார்த்தால் அதன் தாயகம் ஆர்மீனியாவும் வட ஈரானும். இன்று அமெரிக்காவின் மேற்குக் கடலோர மாநிலங்களில் சாலையோரம், ஆற்றோரம் என்று புதராக மண்டிக்கிடக்கும் அந்தக் களைக்கு, செய்யாத குற்றத்துக்கு இமயமலை பெயர் சுமக்கிறது.

குளிரை எண்ணும் மொட்டு

பிளாக்பெர்ரியின் வேர்ப்பகுதி பல ஆண்டு வாழும். அதிலிருந்து கிளம்பும் கொடிக்கு ஆயுள் இரண்டே ஆண்டு. முதல் ஆண்டு அது வளர்வதோடு சரி. இரண்டாம் ஆண்டுதான் பூத்துக் காய்க்கும். காய்த்ததும் காய்ந்துபோகும். நெசவுக்காரர் மொழியில் சொன்னால், முதலாண்டு பாவு ஓடுகிறது, இரண்டாம் ஆண்டு தறியில் ஏறுகிறது. குளிர்நாட்டுத் தோட்டக்காரர்கள் காய்த்து முடித்த கொடிகளை அடியோடு வெட்டி எறிந்து, புதுக்கொடிகளைக் கம்பியில் கட்டி வைப்பது இதனால்தான்.

பாவுக்கும் நெசவுக்கும் நடுவில் ஒரு குளிர்காலம் வர வேண்டும். இலையுதிர் காலத்தில் மொட்டுகள் உறங்கப் போகின்றன. பனியின் நடுவே இரண்டு நாள் வெயில் அடித்தால் போதும் என்று அவை விழித்துக்கொண்டால், அடுத்த பனியில் அத்தனை பூவும் கருகிவிடும். அதனால் மொட்டு வெப்பத்தை நம்புவதில்லை; குளிரைக் கூட்டிக்கொண்டே வருகிறது. சுமார் 7 டிகிரிக்குக் கீழே எத்தனை மணி நேரம் கழிந்தது என்பதே கணக்கு. ரகத்துக்கு ரகம் இது மாறும். ஏறத்தாழ 200 மணியில் தொடங்கி 900 மணி வரை கேட்கும் ரகங்கள் உண்டு. 900 மணி என்றால் இரவு பகல் விடாமல் முப்பத்தேழரை நாள்.

கணக்கு வைப்பது யார்? பீச் மரத்தில் இதற்கு நல்ல விடை கிடைத்தது. குளிர் வந்தாலும் உறங்கவே தெரியாத ஒரு விசித்திரப் பீச் மரத்தை ஆராய்ந்தபோது, அதில் ‘டாம்’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் மரபணுக்கள் சில பழுதாகியிருந்தன. சாதாரண மரத்தில் இந்த மரபணுக்கள் மொட்டைத் தாழிட்டு வைக்கின்றன, குளிர் சேரச் சேர அவற்றின் செயல் அடங்குகிறது, தாழ் திறக்கிறது. ரோஜா குடும்பத்தின் ஆப்பிளிலும் பேரியிலும் இதே வகைத் தாழ்ப்பாள் இருக்கிறது.

பொதட்டூர்பேட்டையில் மார்கழி விடியற்காலையில்கூடப் பாதரசம் 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அதாவது ஆண்டு முழுதும் காத்திருந்தாலும் மொட்டின் கணக்கில் பூஜ்யம்தான். புழக்கடைச் செடி பூக்காத மர்மம் இவ்வளவே. அதற்கு நம் ஊரில் கோடை மட்டும்தான் தெரியும். அதன் நாட்காட்டியில் ஆண்டு இன்னும் தொடங்கவே இல்லை.

ரூபஸ் பேரினத்தில் எல்லாமே இவ்வளவு கறார் அல்ல. நீலகிரியிலும் பழனி மலையிலும் தானாக வளரும் ரூபஸ் நிவியஸ், சிவந்து பிறகு கறுக்கும் சிறு பழங்களைத் தருகிறது. பறித்தால் குல்லாய் போலக் கழன்று வரும் ராஸ்பெர்ரி வகை. கடுங்குளிர் கேட்காததால் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வீட்டுத் தோட்டங்களில் அதை வளர்க்கிறார்கள். அங்கே அதன் பெயர் ‘மைசூர் ராஸ்பெர்ரி’. கலாபகஸ் தீவுகளில் அதே செடி காட்டை விழுங்கும் களையாகி, தலைவலியாக நிற்கிறது. உதகையிலோ கொடைக்கானலிலோ வீடு இருப்பவர்கள் ரூபஸ் செடிகளை முயன்று பார்க்கலாம். பொதட்டூர்பேட்டைக்கு அது மலை ஏறிப் போய்ப் பார்க்க வேண்டிய சொந்தம்.

பொய்க் குளிர்காலம்

மெக்சிகோவின் மிச்சோவகான் மாநிலத்தில் லாஸ் ரேயெஸ் என்ற ஊரைச் சுற்றி வெப்பமண்டலத்து மேட்டுநிலத்தில் பிளாக்பெர்ரித் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. பனி பொழியாத அந்த மண்ணிலிருந்து வட அமெரிக்கக் கடைகளுக்குப் பழம் போகிறது. பிரேசிலின் அரசு வேளாண் ஆய்வு நிறுவனமான எம்பிராப்பா உருவாக்கிய ‘டூபி’ ரகம்தான் அங்கே பெரும்பாலும் வளர்ந்தது. குளிருக்கு எங்கே போனார்கள்? போகவில்லை. கொடி முற்றியதும் மருந்து தெளித்து இலைகளை உதிர்த்துவிடுகிறார்கள், நுனியை வெட்டுகிறார்கள், பிறகு வளர்ச்சி ஊக்கி தெளிக்கிறார்கள். இலை போன கொடி, குளிர்காலம் வந்து போய்விட்டது என்பது போல மொட்டு விடுகிறது.

இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. திராட்சையும் குளிர்நாட்டுக் கொடிதான்; ஐரோப்பாவில் ஆண்டுக்கு ஒரு முறை காய்க்கும். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை ஆண்டு முழுதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடையாகிக்கொண்டிருக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தத் திராட்சையின் பின்னணியில் இருப்பது கவாத்து. கொடியை வெட்டிய நாளிலிருந்து உழவர் நாள் எண்ணத் தொடங்குகிறார்; கொடிக்கு அன்றுதான் புத்தாண்டு.

கத்தரி வைத்ததும் செடிக்குள் என்ன நடக்கிறது? கிளையின் நுனி ஆக்சின் என்ற சுரப்பைக் கீழ்நோக்கி அனுப்பிக்கொண்டே இருக்கும். அது ஓடும்வரை பக்கவாட்டு மொட்டுகள் தலைதூக்கா. கென்னத் திமன், ஃபோல்க் ஸ்கூக் இருவரும் 1930-களில் அவரைக் குடும்பத்துச் செடி ஒன்றின் நுனியை வெட்டி, அந்த இடத்தில் ஆக்சினை வைத்துப் பார்த்தார்கள். நுனியே இல்லாதபோதும் பக்க மொட்டுகள் அடங்கிக் கிடந்தன. 2014-இல் பட்டாணிச் செடியில் நடந்த ஆய்வு இன்னொரு பாதியைச் சொன்னது: நுனி போனதும் அதற்குப் போய்க்கொண்டிருந்த சர்க்கரை திசை திரும்பிப் பக்க மொட்டுகளுக்குப் பாய்கிறது, அவற்றை முதலில் எழுப்புவது அந்தச் சர்க்கரைதான். வீட்டில் மூத்தவர் இலையை வழித்துவிட்டதும் பந்தியில் பின்னால் உட்கார்ந்தவர்களுக்குச் சோறு வருவது போல.

அப்படியானால் மெக்சிகோ வித்தையைப் பொதட்டூர்பேட்டையிலேயே செய்துவிடலாமே? முடியாததற்குக் காரணம் உண்டு. லாஸ் ரேயெஸ் மேட்டுநிலத்து மிதவெப்பம் உள்ள ஊர். இலை உதிர்த்தால் குளிர்க் கணக்கை ஏமாற்றலாம். வெயிலை ஏமாற்ற முடியாது. பிளாக்பெர்ரிப் பூ திறக்கும் நேரத்தில் வெப்பம் 30 டிகிரிக்கு மேல் ஏறிக்கொண்டே போனால் மகரந்தம் வலுவிழந்து காய்ப்பிடிப்பு குறைகிறது. ஆகவே வித்தை மட்டும் போதாது. வித்தைக்கு ஏற்ற செடியும் வேண்டும். கத்தரிக்கும் கட்டுப்படும், கத்திரியையும் தாங்கும் கறுப்புப் பழச் செடி எது என்று தேடினால் பலாவின் வழியில் வந்தவர்தான் முன்னால் நிற்கிறார்.

புழக்கடை மல்பெரி

மல்பெரியைத் திரும்பத் திரும்ப வெட்டலாம் என்பதற்குக் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பட்டு விவசாயிகளின் தோட்டங்களே சாட்சி. புழுவுக்கு இலை வேண்டி ஆண்டுக்கு ஐந்து தடவைக்குக் குறையாமல் கிளைகளை அறுக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அது தழைக்கிறது. மைசூரு மத்திய பட்டு ஆராய்ச்சி நிலையம் 1997-இல் வெளியிட்ட வி-1 போன்ற ரகங்கள் இலைக்காகவே உருவானவை. பழம் அங்கே வேண்டாத விருந்தாளி. நமக்கு அந்த விருந்தாளிதான் வேண்டும்.

விதை வேண்டாம், குச்சி போதும். ஆறு முதல் எட்டு மாதம் முற்றிய கிளையில், மூன்று நான்கு மொட்டு இருக்கும்படி 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்தில் வெட்டி, நிழலில் ஊன்றி வைத்தால் மூன்று நான்கு மாதத்தில் நடவுக்கு ஆகும். குச்சி எடுக்கும் மரத்தில் பழம் தொங்குவதை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள். மல்பெரியில் பெரும்பாலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆணிலிருந்து எடுத்த குச்சி எத்தனை ஆண்டு தண்ணீர் குடித்தாலும் பூவோடு சரி.

அந்த ஆண் பூவையும் எளிதாக எடை போட்டுவிட வேண்டாம். வெள்ளை மல்பெரியின் மகரந்தத் தாள் மடங்கிய வில் போல இறுக்கமாக இருந்து, காற்றில் ஈரம் குறைந்ததும் விடுபடும். அதிவேகக் கேமராவால் அளந்து 2006-இல் வெளியான ஆய்வின்படி, அது 25 மைக்ரோ நொடியில் மகரந்தத்தை எறிந்துவிடுகிறது; வேகம் ஒலியின் வேகத்தில் பாதிக்கும் மேல். தேனீயை எதிர்பார்க்காமல் காற்றை நம்பும் செடி இது. பல பெண் மரங்கள் மகரந்தமே கிடைக்காவிட்டாலும் விதையில்லாமல் பழம் வைக்கின்றன. பிளாக்பெர்ரியை வெயில் அடித்து வீழ்த்தும் இடத்திலேயே மல்பெரி தப்பிவிடுகிறது.

நாள் முழுதும் வெயில் படும் இடமாகப் பார்த்து, சுவரிலிருந்தும் கழிவுநீர்க் குழாயிலிருந்தும் தள்ளி நட வேண்டும். சிமெண்ட் தரைக்குப் பக்கத்தில் நட்டால் தரை கறைபடும். தொழு உரம், அடியில் சருகு மூடாக்கு, வேர் பிடிக்கும்வரை தவறாத தண்ணீர். பிறகு ஆளுயரத்துக்கு மேல் விடாமல் வெட்டி வைத்தால் கைக்கெட்டும் உயரத்தில் பழம். வெட்டும்போது மிச்சமிருக்கும் இலைகளையும் உருவிவிடுங்கள். மிச்சோவகானில் மருந்து செய்யும் வேலையை இங்கே இரண்டு கை செய்துவிடும். கணுவில் உறங்கிய மொட்டு வெடிக்கும்போது துளிரோடு சேர்ந்தே பூங்கொத்தும் வெளிவரும்.

வெள்ளையாக மாவு அப்பியது போலப் பூச்சி தெரிந்தால் உடனே மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூரில் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில் தமிழ்நாட்டுப் பப்பாளி, மரவள்ளி, மல்பெரித் தோட்டங்களைச் சூறையாடியது. மருந்தால் அடங்காத அதை அடக்கியது, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விடப்பட்ட அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற கண்ணுக்கு எளிதில் தெரியாத குளவி. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் இந்தக் குளவி இப்போது நம் மண்ணிலேயே இருக்கிறது. கண்டபடி மருந்து அடித்தால் முதலில் சாவது நம் பக்கத்துப் படையாள்தான். தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதும், மோசமான கிளையை வெட்டி எரிப்பதும் வீட்டுச் செடிக்குப் போதும்.

எப்போது பறிப்பது?

மாங்காயைப் பறித்து வைக்கோலில் வைத்தால் பழுக்கும். அந்த நம்பிக்கையை இங்கே கொண்டுவரக் கூடாது. பிளாக்பெர்ரி பறித்த பிறகு இனிப்பதில்லை. கறுத்துப் பளபளக்கும்போது பறித்தால் இன்னும் புளிப்பு. மினுக்கம் மங்கி, தொட்டதும் கையோடு வருவதே பதம். வெயில் ஏறிய பிறகு பறித்துச் சட்டென்று குளிரூட்டினால், கறுத்த மணிகளில் சில மறுபடி சிவந்துவிடுவதும் உண்டு. மல்பெரி பச்சையிலிருந்து வெளிறி, சிவந்து, கறுக்கும். சிவப்பில் ஆசைப்பட்டால் புளிப்புதான் மிச்சம். கிளைக்கு அடியில் பழைய வேட்டியை விரித்து மெல்லக் குலுக்கினால் பழுத்தது மட்டும் விழும். காலை வெயில் ஏறும் முன் பறித்து, அகலத் தட்டில் பரப்பி, அன்றைக்கே தின்றுவிட வேண்டும். தோல் என்று சொல்லும்படி எதுவும் இல்லாத பழம், அடுக்கினால் நசுங்கும். உச்சிக் கிளைகளைக் கொண்டைக்குருவிக்கும் மைனாவுக்கும் விட்டுவிடுவது நல்ல ஏற்பாடு.

விரலில் ஒட்டும் கறுப்பு, ஆந்தோசயனின் குடும்பத்து நிறமி. பிளாக்பெர்ரி, மல்பெரி இரண்டிலும் முதன்மையானது சயனிடின் என்ற ஒரே மூலக்கூற்றோடு சர்க்கரை சேர்ந்தது. சிவப்பு ரோஜாவின் நிறத்துக்குப் பின்னாலும் அதே சயனிடின்தான். சாற்றை இரண்டு கிண்ணத்தில் ஊற்றி ஒன்றில் எலுமிச்சை பிழியுங்கள், பளீரென்று சிவக்கும். மற்றதில் சமையல் சோடா போடுங்கள், நீலமாகிப் பச்சைக்குப் போகும். நூலுக்குச் சாயம் ஏற்றிப் பழகிய ஊரில், இவ்வளவு அடர்த்தியான நிறத்தைத் துணிக்கு ஏன் பயன்படுத்தவில்லை என்று ஒரு குழந்தை கேட்கலாம். விடை இந்தக் கிண்ணங்களிலேயே இருக்கிறது. சோப்பின் காரம் பட்டால் மாறும், வெயில் பட்டால் வெளுக்கும், தண்ணீரில் கரையும் நிறம் இது. பருத்தி இழையோடு பிணைப்பு போடத் தெரியாது. 1956-இல் ஐசிஐ நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த புரோசியன் வகைச் சாயங்கள், இழையின் செல்லுலோஸோடு வேதிப்பிணைப்பே போட்டுக்கொண்டதால்தான் துவைத்தும் நின்றன. பழத்தின் நிறமிக்கு அந்த வேலை இல்லை. ஒரு பறவையின் கண்ணில் சில நாள் பட்டால் போதும்.

கடைசியாக நாள் குறிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே மழை. அப்போது பழம் வந்தால் வெடித்துப் பூசணம் பிடிக்கும். மழையில் செடி நன்றாகத் தழைக்கட்டும். பொங்கல் முடிந்து, நிலம் இன்னும் ஈரமாக இருக்கும் தை மாதத்தில் கவாத்து. ஒன்றரை, இரண்டு மாதத்தில் பழம் கறுக்கத் தொடங்கும். பங்குனி முடிவதற்குள் கடைசிப் பழமும் பறித்தாகிவிடும். பிளாக்பெர்ரி எண்ணிக்கொண்டு நின்ற குளிர் இந்த ஊருக்கு வரப்போவதில்லை. அதற்குப் பதிலாகத் தையில் ஒரு காலை நேரம் கத்தரியை எடுத்தால், கத்திரி வெயில் வந்து சேரும்போது மல்பெரி தன் வேலையை முடித்துவிட்டு, புதுத் தழையின் நிழலில் நின்றுகொண்டிருக்கும்.